ரெய்டு கார்டா, ஹெச்பிஏ கார்டா: ஒரு டிஸ்க் காணாமல் போனால் எது கைகொடுக்கும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஸ்டோரேஜ் பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஃபைல் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் ஃபைல் போகாமல் பார்த்துக்கொள்கிற பழைய ரெய்டு கார்டை மாற்ற வேண்டி வந்தபோது, இன்னொரு ரெய்டு கார்டே வாங்குவதா, டிஸ்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைப்பதை மட்டும் செய்யும் ஹெச்பிஏ கார்டு போட்டு, சேர்க்கும் வேலையை இசட்எஃப்எஸ் என்ற மென்பொருளிடம் விடுவதா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பல்லடம், ஈரோடு பக்கத்து நண்பர்களும் இதையே கேட்பதால் என் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். எட்டு டிஸ்க் உள்ள பெட்டியில் டிஸ்குக்கு முன்னால் ஜிகாபிட் நெட்வொர்க்தான் திணறும். விலையும் முடிவை மாற்றுகிற அளவுக்கு வேறுபடாது. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: ஒரு நாள் காலையில் ஒரு டிஸ்க் தெரியாமல் போனால், எந்த டிஸ்க், ஏன் போனது என்று எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்?

ரெய்டு கார்டு எல்லா டிஸ்கையும் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறது. விண்டோஸோ லினக்ஸோ பார்ப்பது ஒரே ஒரு பெரிய டிஸ்க்தான். உள்ளே ஒன்று போனால் கார்டின் சொந்த மெனுவிலோ, அந்தக் கம்பெனி தரும் மென்பொருளிலோதான் தேட வேண்டும். நல்ல டிஸ்க்கைக் கழற்றி மாட்டினாலே சில சமயம் அது ‘ஃபாரின்’ என்று வந்து நிற்கும். வேறு ஏதோ அரேயிலிருந்து (டிஸ்க் தொகுப்பிலிருந்து) வந்தது என்று கார்டு நினைத்துக்கொள்கிறது. அங்கே ‘இம்போர்ட்’, ‘கிளியர்’ என்று இரண்டு வழி இருக்கும். கிளியர் கொடுத்தால் அந்த டிஸ்கில் உள்ள ரெய்டு விவரம் அழிந்துவிடும். இரவு ஷிப்டில் இருக்கிற ஆளிடம் இந்த முடிவை விட முடியுங்களா?

இன்னொரு தொல்லை, சாதா டெஸ்க்டாப் டிஸ்க். படிக்க முடியாத ஒரு செக்டார் (டிஸ்கின் ஒரு சிறு துண்டு) வந்தால் அது விடாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். கார்டு அவ்வளவு நேரம் பொறுக்காது. டிஸ்க் செத்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும். நாஸுக்கென்று (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிக்கென்று) விற்கிற டிஸ்குகள் பெரும்பாலும் 7 நொடியில் முயற்சியை விட்டுப் பிழையைச் சொல்லிவிடுவதால் இந்தச் சிக்கல் குறைவு.

ஹெச்பிஏ கார்டு எதையும் மறைப்பதில்லை. எங்களிடம் உள்ளது எல்எஸ்ஐ 9211-8ஐ, ரெய்டு வேலை எதுவும் செய்யாமல் டிஸ்குகளை அப்படியே காட்டுகிற ஐடி மோட் ஃபர்ம்வேருடன். டிஸ்குகள் தனித்தனியாக, சீரியல் நம்பரோடு தெரியும். பூலை (இசட்எஃப்எஸ் சேர்த்து வைக்கும் டிஸ்க் தொகுப்பை) அந்த நம்பர் உள்ள பெயர்களிலேயே அமைத்திருப்பதால், ஒன்று போனால் எது என்று நிலவர அறிக்கையே சொல்லிவிடும். ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் சீரியலின் கடைசி நாலு எழுத்தை ஒட்டியிருக்கிறேன். தவறான டிஸ்க்கைப் பிடுங்கும் பயமே இல்லை.

எத்தனை மறைந்தது என்பதே பாதி விடை. அந்தக் கார்டில் இரண்டு சாக்கெட். ஒவ்வொன்றிலிருந்தும் நாலு டிஸ்க். நாலும் ஒன்றாகப் போனால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கேபிள். எட்டும் போனால் கார்டு. இந்தக் கார்டு காற்று பலமாக அடிக்கிற சர்வருக்கென்று செய்தது. சாதாரண கேபினெட்டில் போட்டால் கொதிக்கும். நம்ம ஊரில் அதற்கு மேல் பஞ்சு வேறு. ஹீட்சிங்க் இடுக்குகளில் மெல்லிய வெள்ளைப் படலமாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். கார்டுக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் கட்டாயம் வையுங்கள்.

ஒன்று மட்டும் காணோம் என்றால் கரண்ட் கொடுத்து டிஸ்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சுழலும் அதிர்வு இருந்தும் தெரியவில்லையா, அதை வேறு டிரேயில் மாட்டுங்கள். அங்கே தெரிந்தால் கேபிளோ கனெக்டரோதான். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 199-ம் எண், அதாவது தகவல் கடத்தும்போது வரும் சிஆர்சி பிழைகளின் கணக்கு, ஏறிக்கொண்டே போனாலும் அதே சந்தேகம்தான். அந்த எண் தானாகக் குறையாது. கேபிள் மாற்றிய பிறகு ஏறாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். புதுக் கேபிள் வாங்கும்போது, கார்டின் ஒரு சாக்கெட்டிலிருந்து நாலு டிஸ்குக்குப் பிரியும் ‘ஃபார்வர்ட்’ வகை என்று கேட்டு வாங்குங்கள். ‘ரிவர்ஸ்’ வகையும் பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும், டிஸ்க் மட்டும் தெரியாது.

சுழலவே இல்லை என்றால் அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். எக்ஸ்டர்னல் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்குகள் சிலவற்றில், பவர் கனெக்டரின் 3-வது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பின்மேல் கரண்ட் கடத்தாத காப்டான் டேப் ஒட்டினால் எழுந்துவிடும்.

இவ்வளவையும் ரெய்டு கார்டிலும் செய்யலாம்தான். ஆனால் கார்டே போய்விட்டால்? அதே குடும்பத்துக் கார்டு வேண்டும். பழைய மாடல் கோயமுத்தூரில் கிடைக்கவில்லை என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு என்று தேட வேண்டும். அதுவரை பையருக்கு என்ன பதில் சொல்வது? இசட்எஃப்எஸ் பூலை, போதுமான சாட்டா போர்ட் (டிஸ்க் கேபிள் மாட்டும் இடம்) உள்ள, இசட்எஃப்எஸ் ஓடுகிற எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டி இம்போர்ட் செய்துகொள்ளலாம். என் முடிவை உறுதி செய்தது இதுதான்.

ரெய்டு கார்டுக்கும் இடம் உண்டு. விண்டோஸ் சர்வரிலேயே டேலியோ ஈஆர்பியோ ஓடுகிற ஆபீஸ், பிராண்டட் சர்வர், வாரண்டி ஒப்பந்தம் எல்லாம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். சிவப்பு விளக்கு எரிகிற டிஸ்க்கை மாற்றினால் போதும், ரீபில்ட் (புது டிஸ்கில் தகவலைத் திரும்ப எழுதுவது) பெரும்பாலும் தானே நடக்கும். லினக்ஸ் தெரிந்த ஆள் தேவையில்லை. சினாலஜி மாதிரி ரெடிமேட் நாஸ் பெட்டியை நண்பர் ஆபீசில் பார்த்ததோடு சரி, நானே பராமரித்ததில்லை. நாலு டிஸ்குக்குள் வேலை முடிகிற சின்ன யூனிட்டுக்கு அது பொருந்தலாம் என்று தோன்றுகிறது. அதை வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.