தோளில் துடைத்த கை: பிரிமோ லெவி புத்தகம் பற்றி

பிரிமோ லெவியின் 'இஃப் திஸ் இஸ் எ மேன்' புத்தகத்தை இந்த மாம்பழ சீசனில்தான் படித்து முடித்தேன். எனக்குக் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. நைட் ஷிஃப்டில் அடுத்த லாரி வரும்வரை கிடைக்கும் நேரத்தில் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்தேன். சின்னப் புத்தகம்தான், ஆனால் ஓட்டிவிட முடியாது.

லெவி இத்தாலியின் டூரின் நகரத்து யூதர், வேதியியல் படித்தவர். 1943 டிசம்பரில் பிடிபட்டபோது வயது 24. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பி, அங்கே பட்டதை எழுதி 1947-லேயே இந்தப் புத்தகமாக வெளியிட்டுவிட்டார். நம்மை அழவைக்க அவர் எங்கேயும் முயலவில்லை. ஒரு காட்சி: முகாமில் கண்காணியான அலெக்ஸின் கையில் இரும்புக் கம்பியின் கிரீஸ் கறை படிந்துவிடுகிறது. அதை லெவியின் தோளில் துடைத்துக்கொள்கிறான், உள்ளங்கையையும் புறங்கையையும். கோபமோ கேலியோ எதுவும் இல்லை, பக்கத்தில் கிடந்த துணியில் துடைப்பதுபோல. அடி உதையைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

லெவியின் கையில் பச்சை குத்திய எண் 174517. அதைக் காட்டினால்தான் ரொட்டியும் சூப்பும். எங்கள் கம்பெனியில் சீசனுக்கு வரும் பெண்களுக்கு டோக்கன் நம்பர் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைக்க மாட்டேன், அது அங்கே செத்தவர்களுக்குச் செய்கிற அநியாயம். ஆனால் 'ஏய் 42' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது நான்தானே. மூன்று சீசனாக பெங்களூரா மாங்காய் நறுக்க வரும் அந்த அக்காவின் பெயரே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் கேட்டேன். "எதுக்கு சார், ஏதாச்சும் தப்பு நடந்துபோச்சா?" என்று பயந்துவிட்டார். பெயர் கேட்டாலே பயப்படும்படி நாங்கள் நடந்துகொண்டிருக்கிறோம்.

லொரென்சோ வரும் பக்கங்களை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ஆஷ்விட்ஸில் வேலைக்கு வந்த சாதாரண இத்தாலியத் தொழிலாளி, ஆறு மாதம் தினமும் ரொட்டியும் தன் சாப்பாட்டில் மிச்சமும் லெவிக்குக் கொண்டுவந்து கொடுத்தவர், பதிலுக்கு எதையும் வாங்கிக்கொள்ளாதவர்.

சூப் எடுக்கப் போகும் வழியில் பழைய இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பாட்டை லெவி நினைவுபடுத்திச் சொல்லும் அத்தியாயம் மட்டும் முதலில் ஒட்டவில்லை, தாந்தே தெரியாததால் இருக்கலாம். அப்புறம், ஆங்கிலம் எளிமைதான், பயப்பட வேண்டாம். என் பிரதி இப்போது லேபில் இருக்கும் தம்பியிடம் இருக்கிறது, அவன் முடித்ததும் கேட்பவர்களுக்குத் தருகிறேன்.