ஏடிவி ஓட்ட எந்த ஹெல்மெட்: சாலைக்கானதா, மோட்டோகிராஸா?

கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர ஏடிவி வண்டியில் ஏறுமுன் அணிய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விவாதமே தேவையில்லை. கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, தடித்த கால்சட்டை, கையுறை. குழப்பம் வருவது ஹெல்மெட்டில்தான். பைக்குக்காக வாங்கிய முழுமுக ஹெல்மெட்டையே கரடுமுரடான பாதைக்கும் எடுத்துப்போகலாமா, இல்லை மண்பாதை பைக் பந்தயத்துக்கென்று வரும் மோட்டோகிராஸ் ஹெல்மெட்டும் காகிள்ஸும் தனியாக வாங்க வேண்டுமா? இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு நான் மோட்டோகிராஸுக்கு மாறிவிட்டேன்.

தாடையை மூடாத ஹெல்மெட்டை இந்தப் பேச்சிலேயே சேர்க்கவில்லை. வண்டி பள்ளத்தில் குத்தி நின்றால் முகம் போய் மோதுவது ஹேண்டில்பாரில்.

அடி தாங்குவதை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. டாட், ஈசிஇ 22.06 போன்ற தரச்சான்று இரண்டு வகைக்கும் கிடைக்கிறது. இரண்டிலும் உள்ளே இருக்கும் பாலிஸ்டைரீன் நுரை நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பலமாக ஒருமுறை அடிபட்டால் எதுவானாலும் மாற்றியாக வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது மூச்சு. சாலை ஹெல்மெட்டின் காற்றுத் துளைகள் வேகத்தை நம்பி அமைந்தவை. வண்டி விரைந்தால் காற்று உள்ளே புகுந்து வெப்பத்தை வெளியேற்றும். ஏடிவியிலோ பாறையிலும் சேற்றிலும் ஊர்ந்துதான் போகிறோம். உழைப்போ பல மடங்கு. வளைவில் உடலை உள்பக்கம் சாய்க்க வேண்டும், ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், இறக்கத்தில் இருக்கையின் பின்பக்கம் நகர வேண்டும். மூச்சு வாங்குகிறது, வியர்வை வழிகிறது, விடும் மூச்செல்லாம் முகத்துக்கு அருகிலேயே தேங்கி, முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மூடியான வைசரில் ஆவியாகப் படிகிறது. முதலில் மூக்குக்கு எதிரே வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றும். ஏற்றம் முடிவதற்குள் பாதை முழுவதும் மறைந்துவிடும். அப்போது யாராக இருந்தாலும் வைசரைத் தூக்கிவிடுவார்கள். முன்னால் போகும் வண்டியின் டயர் வாரியிறைக்கும் கல்லும் மண்ணும், முகத்தில் அறையும் கிளையும் அந்தத் திறப்பைத்தான் தேடி வரும். எத்தனை உயர்ந்த தரச்சான்று இருந்தாலும் திறந்து கிடக்கும் வைசர் கண்ணைக் காக்காது.

மோட்டோகிராஸ் ஹெல்மெட்டில் தாடைப்பகுதி முன்னே நீண்டிருப்பதால் மூச்சுக்கு இடம் இருக்கிறது. காகிள்ஸ் கண்ணையும் மூச்சையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனை எதிர்வெயிலை மறைக்கும். தலையைச் சற்றுக் குனிந்தால் தெறிக்கும் மண்ணையும் தடுக்கும். சாலையில் வேகமாகப் போனால் அதே முனையைக் காற்று பிடித்து இழுக்கும், கழுத்து வலிக்கும். நெடுஞ்சாலைக்கு என் வாக்கு இன்னும் பழைய ஹெல்மெட்டுக்குத்தான்.

பராமரிப்பு கொஞ்சம் கூடுதல். காகிள்ஸ் லென்ஸில் காய்ந்த தூசியைக் கையுறையால் தேய்த்தால் கீறல் விழுந்துவிடும்; தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். வாங்கும்போது இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். காகிள்ஸின் சட்டம் ஹெல்மெட் விளிம்பில் இடித்து மூக்கை அழுத்தினால் வேறொன்று தேடுங்கள். வாரைக் கட்டியபின் ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளுங்கள்; கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கானது அல்ல. மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கென்று ஆழமான காகிள்ஸ் தனியாக உண்டு. எனக்குக் கண்ணாடி இல்லாததால் அது எவ்வளவு வசதி என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. கடுங்குளிரிலும் அதிகம் ஓட்டியதில்லை. அங்கே மூடிய ஹெல்மெட்டின் கதகதப்பு பெரிதாகத் தோன்றலாம்.

கையில் இருப்பது சாலை ஹெல்மெட் மட்டும்தான் என்றால் தயங்காமல் அதையே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வைசர் மங்கினால் ஓட்டியபடியே தூக்காமல், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தித் துடைத்துக்கொண்டு போங்கள்.