எதை நாமே வளர்ப்பது, எதை விவசாயியிடம் வாங்குவது?

வீட்டுத் தோட்டமா, பக்கத்து விவசாயியா என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. காய்காயாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பறித்த மணி நேரத்திலிருந்தே தரம் இறங்குவது ஒரு வகை. மாதக்கணக்கில் அப்படியே கிடப்பது இன்னொரு வகை. முதல் வகை கைக்கெட்டும் தூரத்தில் வளரட்டும். இரண்டாவதற்காக நம்மிடம் இருக்கிற சின்ன இடத்தைக் கொடுப்பது வீண். அது வயலில் நன்றாக விளையும், விளைவித்தவருக்கும் வருமானம்.

கீரையில் போட்டியே இல்லை, வீடுதான். பறித்த கட்டு வெயிலில் ஒரு மணி நேரம் இருந்தாலே துவண்டுவிடும். முளைக்கீரை விதைத்து 25 நாளில் பறிப்புக்கு வரும். விதை மிகச் சன்னமானது என்பதால் ஒரு பங்கு விதையோடு பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து தூவ வேண்டும். மேலே அரை செ.மீ. மண் போதும், அதற்கு மேல் மூடினால் முளை வெளியே வராது. முதல் வாரம் பூவாளியால் மட்டுமே தண்ணீர். குழாயை நேராகத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கி அங்கே மட்டும் கொத்தாக முளைக்கும். மொத்தப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காமல், பத்து நாளுக்கொரு துண்டாக விதைத்தால் பறிப்பு தொடர்ந்து கிடைக்கும்.

மிளகாயும் வீட்டுக்குரியதே. 12 லிட்டர் தொட்டியில் இரண்டு செடி இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிலந்திப்பேன். இரண்டுமே இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். தெளிப்பு அங்கே படாவிட்டால் பயனில்லை.

வெண்டையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிஞ்சாகப் பறிக்க வேண்டிய காய், ஆகவே வீட்டில் வளர்ப்பதே நல்லது என்று தோன்றும். கணக்கு வேறு. பூ மலர்ந்த ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்குத் தயார், அதற்கு மேல் இரண்டு நாள் போனால் நார் ஓடிவிடும். ஒரு செடி நன்றாகக் காய்க்கும்போதுகூட இரண்டு நாளுக்கு ஒரு காய்தான் தரும். நான்கு செடி வைத்தால் ஒரு பறிப்புக்கு நான்கு காய். சமையலுக்குச் சேரட்டும் என்று காத்திருப்பதற்குள் முதலில் வந்தது முற்றிவிடும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் அடுத்த பூக்களும் குறையும். பன்னிரண்டு செடிக்காவது இடமும் ஆறு மணி நேர நேரடி வெயிலும் இல்லையென்றால் விவசாயியிடம் வாங்குவதே மேல். நுனியை விரலால் மடக்கிப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல்.

தக்காளியை இரண்டாகப் பிரிக்கலாம். தூரச் சந்தைக்குப் போகும் பழம் நிறம் திரும்பும்போதே பறிக்கப்படுகிறது, வழியில் நசுங்காமல் இருப்பதற்காக. செடியிலேயே பழுத்ததின் மணம் அதில் குறைவு. அதனால் சமைக்காமல் பழமாகச் சாப்பிட இரண்டு மூன்று செடி வீட்டில் இருக்கட்டும். செடிக்கு 20 லிட்டர் தொட்டி, ஒரு ஊன்றுகோல். மண், மட்கிய தொழு உரம், கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், மட்காத எரு வேரைக் கருக்கும்.

காயின் அடி கறுத்துக் குழிந்தால் உடனே சுண்ணாம்புச் சத்தைத் தேடி ஓடுகிறார்கள். பெரும்பாலும் மண்ணில் அது இருக்கும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் செடியால் அதைக் காய்வரை கொண்டு சேர்க்க முடிவதில்லை. மேலே 5 செ.மீ. காய்ந்த இலை மூடாக்கு போட்டு, தினமும் ஒரே அளவு தண்ணீர் விட்டால் அடுத்து வரும் காய்கள் சரியாகும். கறுத்த காய் தேறாது, கிள்ளிவிடுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பூ உதிர்வது நோயல்ல, மகரந்தம் செயலிழப்பதுதான்.

வருடம் முழுக்க வைத்துக்கொள்ளும் தொக்குக்கோ சாறுக்கோ தொட்டித் தக்காளி போதவே போதாது. அறுவடை உச்சத்தில் விவசாயியிடம் ஒரு கூடையாக வாங்குங்கள். தழும்பு விழுந்த, அளவு சிறுத்த பழத்தையும் சேர்த்துக் கேளுங்கள். காய்ச்சப் போகும் பழத்துக்கு அழகு தேவையில்லை. அவருக்கோ விற்க முடியாமல் கிடப்பது அதுதான்.

வெங்காயம், உருளை, பூசணி, முட்டைக்கோஸ் நான்கும் வயலுக்கே. வெங்காயம் ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு கிலோதான் தரும். அதே இடத்தில் நான்கு முறை கீரை எடுக்கலாம். பூசணிக் கொடி ஒன்றே பல சதுர மீட்டர் படரும். கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு ஒரு வாரத்தில் இலையைச் சல்லடையாக்கிவிடும்.

வாங்கும் முறையிலும் கவனம் வேண்டும். 'இயற்கையா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'கடைசியாக என்ன தெளித்தீர்கள், என்றைக்கு, பறித்தது எப்போது?' என்று கேளுங்கள். தெளித்தபின் பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று பூச்சிமருந்தின் மேல் அச்சிட்டிருக்கும், அதைக் கடைப்பிடித்தவர் தயங்காமல் சொல்வார். பருவமில்லாத காயும் எல்லா வகையும் ஒரே மேசையில் இருந்தால் அவர் பெரும்பாலும் வாங்கி விற்பவர்.

முந்தைய நாளே அளவைச் சொல்லிவைப்பது விவசாயிக்குப் பேருதவி, காரணம் விற்குமா என்று தெரியாமல் பறித்தது திரும்பி வயலுக்குப் போக முடியாது. ஜப்பானில் 1970களில் பரவிய தெய்கெய் முறை இதையே பருவம் முழுமைக்கும் விரித்தது. குடும்பங்கள் விளைச்சலை ஏற்றுக்கொள்வதாக விவசாயியிடம் முன்பே உறுதி சொல்லும். மிகுந்த வாரம் மிகுதியாக வரும், குறைந்த வாரம் குறைவாக. வாரம் ஒரே காயாக வந்தால் சலிப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது.

நாற்றையும் அந்த விவசாயியிடமே வாங்கலாம். அந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் தேறிய ரகம் கிடைக்கும். பூ வைத்த நாற்றை எடுக்காதீர்கள், பிடிக்கத் தாமதமாகும். நான்கைந்து இலையும் பென்சில் கனத் தண்டும் உள்ளதை மாலையில் நட்டு, மூன்று நாள் நிழல் கொடுங்கள். தக்காளி நாற்றை மட்டும் முதல் இலைவரை புதைத்து நடலாம், தண்டிலிருந்தும் வேர் விடும்.