கெண்டித் தீவுக்குப் புறப்படுமுன்: நான் பார்க்கும் கடல் வானிலைச் சேவைகள்

பினாங்கின் தென்மேற்குக் கரையிலிருந்து மாதத்துக்கு இருமுறையாவது தூண்டில் போடக் கிளம்பும் எங்கள் நால்வர் குழுவில், வானிலை பார்த்துச் சொல்லும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளில் நான் தொடர்ந்து பயன்படுத்தியவை மூன்று: மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கடல் முன்னறிவிப்பும் எச்சரிக்கைகளும், பலரும் பார்க்கும் விண்டி காற்று வரைபடம், ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய ஒரு மீன்பிடிச் செயலி. மூன்றாவதின் பெயரை எழுதப் போவதில்லை. அதன்மீது எனக்கு இருக்கும் குறை அந்த வகைச் செயலிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கடந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை 5 மணிக்குப் படகுத்துறையில் நின்று அந்தச் செயலியைத் திறந்தபோது, காற்று மணிக்கு 9 கிலோமீட்டர், அலை 0.3 மீட்டர் என்று காட்டியது. திரை முழுக்க வெளிர்நீலம். தெக்கோங் என்று இங்கே எல்லோரும் அழைக்கும் படகோட்டி, அறுபதைத் தாண்டிய மலாய்க்காரர், மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டு அரைமணி நேரம் பொறுக்கலாம் என்றார். நான்தான் கைப்பேசியை நீட்டிக் காட்டி அவரை அவசரப்படுத்தினேன். கெண்டித் தீவை நெருங்கும்போது, மேற்கில் கடல்மட்டத்தை ஒட்டிச் சுருட்டி வைத்த பாய்போல ஒரு கருமேகம் நீண்டு கிடந்தது தெரிந்தது. அதனுள் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. இடியோசை இன்னும் எட்டவில்லை. திடீரென ஏர்கான் அறையின் கதவைத் திறந்ததுபோல் குளிர்காற்று முகத்தில் அடித்தது. அடுத்த சில நிமிடங்களில் ஐஸ் பெட்டி படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சறுக்கியது. இரைக்காக வைத்திருந்த இறால் வாளி கவிழ்ந்தது. தெக்கோங் ஒரு வார்த்தையும் பேசாமல் படகைத் தீவின் கிழக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒதுக்கினார். முக்கால் மணி நேரம் நனைந்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஈரக்கையால் செயலியைத் திறந்து பார்த்தேன். அப்போதும் 9 கிலோமீட்டர்தான். "மாமா, உங்க போனுக்கு இன்னும் விடியலையா?" என்று கேட்டான் மருமகன்.

அன்று எங்களைப் பிடித்தது சுமத்ரா காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், இரவு நேரத்தில் சுமத்ராவின் மீதோ மலாக்கா நீரிணையின் மீதோ இடிமேகங்கள் உருவாகி, நீண்ட வரிசையாகச் சேர்ந்து கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலை ஒட்டி நம் மேற்குக் கரையை வந்தடைகின்றன. மழையோடு கீழிறங்கும் குளிர்ந்த காற்று கடல்மட்டத்தில் மோதிப் பரவி மழைக்கு முன்னே ஓடிவருகிறது. முகத்தில் அடித்த குளிர் அதுதான். வந்த வேகத்தில் ஓரிரு மணி நேரத்தில் போயும்விடும். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இதில் உள்ள சங்கடம், அது வரும் நேரமும் நாம் புறப்படும் நேரமும் ஒன்றாகவே இருப்பதுதான்.

வண்ண வரைபடங்கள் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றின் பின்னால் இருக்கும் உலகளாவிய கணிப்பு மாதிரிகள், கடலையும் நிலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். விண்டியில் காட்டப்படும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரியில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். பினாங்குத் தீவே வடக்குத் தெற்காக 24 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், தனித்தனி இடிமேகத்தின் எழுச்சியும் சரிவும் அந்தக் கட்டங்களுக்குள் எப்படித் தொலைந்துபோகும் என்பது விளங்கும். மாதிரி அதை நேரடியாகக் காண்பதில்லை, தோராயமாக மதிப்பிட்டுக் கொள்கிறது. சந்தாச் செயலி செய்வதெல்லாம் இதே எண்களை எடுத்து, அழகான எழுத்துருவில், மீன் கடிக்கும் நேரத்தோடு சேர்த்துக் கொடுப்பதுதான். (மீன் கடிக்கும் நேரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.)

இதனால் விண்டியைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். இலவசமாகவே இரண்டு மாதிரிகளையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிவது பெரிய வசதி. மூன்று நாள் கழித்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்பதில் இரண்டும் ஒத்துப்போனால், அந்த வார இறுதிக்குத் திட்டமிடலாம். அலையின் உயரத்தோடு இடைவெளியையும் விநாடிக் கணக்கில் காட்டுவது இன்னொரு சிறப்பு. ஒரு மீட்டர் அலை ஒன்பது விநாடிக்கு ஒருமுறை வந்தால் படகு ஊஞ்சல்போல் ஏறி இறங்கும். அதே ஒரு மீட்டர் நான்கு விநாடிக்கு ஒருமுறை வந்தால் இடுப்பெலும்பு கணக்குக் கேட்கும். நம் நீரிணை குறுகலானது என்பதால் இங்கே எழுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அலை உயரம் என்று எந்தச் சேவை கொடுத்தாலும் அது மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிதான் என்பதையும், அதைப்போல் இருமடங்கு உயரத்தில் ஓர் அலை இடையிடையே வரக்கூடும் என்பதையும் நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் சேவைக்குப் பார்வைக் கவர்ச்சி குறைவு. மைசுவாச்சா (myCuaca) என்ற அதன் செயலியிலும் இணையப்பக்கத்திலும் வருவது பெரும்பாலும் நான்கைந்து வரிச் செய்திதான். ஆனால் அந்த வரிகளை எழுதும் முன் ராடாரையும் செயற்கைக்கோள் படத்தையும் பார்க்கப் பணியில் ஒரு மனிதர் இருக்கிறார். பலத்த காற்றுக்கும் கொந்தளிப்புக்குமான எச்சரிக்கை மூன்று நிலைகளாக வருகிறது: காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை என்பது முதல் நிலை. 50 முதல் 60 கிலோமீட்டர், 4.5 மீட்டர் வரை என்பது இரண்டாவது. அதற்கு மேற்பட்டது மூன்றாவது. நம்மைப் போன்றவர்களுக்கு முதல் நிலையிலேயே கதை முடிந்துவிட்டது. சிறு படகுகளுக்கு ஆபத்து என்று அந்த அறிவிப்பே சொல்கிறது. சுமத்ரா நம்மை மேற்கிலிருந்து மறைத்து நிற்பதால் மேல்நிலைகள் பினாங்குக்கு அரிது. அவை கிழக்குக்கரை வடகிழக்குப் பருவத்தில் பார்ப்பவை. எனினும் கப்பல்களுக்கான கடற்பகுதிப் பட்டியலில் தாய்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய புக்கெட் என்ற பெயர் வந்தால் நான் இரண்டாவது முறை படிப்பேன், ஏனென்றால் அந்தமான் கடலின் அலை நீரிணையின் வடக்கு வாய் வழியாக நம் பக்கம் நுழையக்கூடியது.

எனக்கு அதிகம் பயன்படுவது இடிமழைக்கான குறுகிய கால எச்சரிக்கை. எந்தக் கடற்பகுதியில், எத்தனை மணி வரை என்று அது நேரம் குறித்துச் சொல்கிறது. அந்த ஆகஸ்ட் காலையில் அப்படியொன்று வந்திருந்ததா என்று நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. கையில் வண்ணப் படம் இருந்ததால் வந்த வினை.

குறைகளும் உண்டு. எச்சரிக்கை ஒரு மாநிலத்தின் கடற்பகுதி முழுவதற்கும் பொதுவாக வருவதால், தீவின் வடகரையிலுள்ள பத்து ஃபிரிங்கிக்கு வெளியே இருப்பவரும் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே இருப்பவரும் ஒரே செய்தியைத்தான் படிக்கிறார்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கால்வாயில் வற்றுநீர் ஒரு திசையில் இழுக்க, காற்று எதிர்த்திசையில் வீசினால், சின்னக் காற்றுக்கே அலை செங்குத்தாக நிமிர்ந்துகொள்ளும். இதற்குக் கடற்படையின் நீரளவியல் மையம் வெளியிடும் ஓத அட்டவணையைத் தனியாக எடுத்து, இரண்டையும் நாமேதான் கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கிறது. எச்சரிக்கைகள் தமிழில் வருவதில்லை. எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணாச்சிக்கு நான்தான் மொழிபெயர்த்து அனுப்புகிறேன்.

சந்தாவை இந்த ஆண்டு புதுப்பிக்கவில்லை. இப்போது வியாழக்கிழமை விண்டி, வெள்ளி இரவு துறையின் கடல் முன்னறிவிப்பு, சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு எச்சரிக்கையும் ராடார் படமும் என்று பழக்கப்படுத்திக்கொண்டேன். ராடாரில் தீவுக்கு மேற்கே மஞ்சளும் சிவப்புமாக ஒரு கோடு தெரிந்தால், குழுவுக்கு "தூங்குங்கள்" என்று ஒற்றைச் சொல் அனுப்பிவிடுவேன். போன மாதம் அப்படி அனுப்பிய ஒரு நாளில், அந்தக் கோடு நடு நீரிணையிலேயே கலைந்துபோய், எட்டு மணிக்கெல்லாம் தெலுக் கும்பாரில் சுள்ளென்று வெயில் அடித்தது. தெக்கோங் அன்று வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு பெரிய கொடுவாவோடு திரும்பினாராம். மருமகன் அதை இன்னமும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறான்.