1939-ஆம் வருட வெள்ளி ரூபாய் நாணயம் என்று சொல்லி 46,500 ரூபாயைப் பறித்துவிட்டார்கள். நாணயம் சேர்ப்பவர்கள் அவசியம் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் 1938 முதல் 1945 வரை எட்டு வருடத்துக்கு உண்டு. அப்பா ஏழு வருடத்துக்குச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். இல்லாதது 1939 மட்டும். அந்த வருட ரூபாய் வெளியே வந்ததே ரொம்பக் கொஞ்சம். 1940-லிருந்து வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் பழைய தரத்து வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் 1939. சேர்ப்பவர்கள் எல்லோரும் தேடுவது அதைத்தான், போலி அதிகம் வருவதும் அதில்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏமாற்றினார்கள் என்பதுதான் ஆறவில்லை.

பழைய நாணயங்களை மதிப்பிட்டு, சான்றிதழோடு விற்றுத் தருகிறோம் என்கிற ஒரு இணையதளம். பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். நான் சந்தேகப்பட்டுத்தான் ஆரம்பித்தேன். எடை என்ன என்று கேட்டேன். அந்த இணையதளத்துப் பையன் ஒருவன் உடனே வீடியோ காலில் வந்தான். "அண்ணே, நீங்களே பாருங்க" என்று சின்னத் தராசைப் பூஜ்யத்தில் வைத்துக் காட்டி, நாணயத்தை மெதுவாக வைத்தான். 11.66 கிராம். பழைய அளவில் ஒரு தோலா, அசல் ரூபாயின் எடை அச்சு அசலாக. விளிம்பைத் திருப்பிக் காட்டினான், மேஜையில் சுண்டி ஓசையும் கேட்க வைத்தான். "அப்பாவோட செட்டுன்னு சொன்னீங்க, அதனால வேற யாருக்கும் காட்டாம வெச்சிருக்கேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். ரூபாய்க்கு 41,000, கூடவே 1969 காந்தி நூற்றாண்டு ப்ரூஃப் செட் (சேர்ப்பவர்களுக்கென்றே தனியாக அடித்த நாணயத் தொகுப்பு) ஒன்றுக்கு 5,500. ஆக 46,500 ரூபாய், அன்றைக்கே அனுப்பினேன்.

நாணயம் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. மேலே தரம், எண், பளபளக்கும் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தது. சீலை உடைத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரு சீட்டு. அதனால் தொடாமலே வைத்திருந்தேன்.

நேற்று நாணயச் சேகரிப்பாளர்கள் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். நாற்பது வருடமாகச் சேர்க்கும் பெரியவர் ஒருவர் 10 மடங்கு லென்ஸை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இதுல ரெண்டு ஒன்பது இருக்கு இல்லையா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாருங்க" என்று லென்ஸை என்னிடம் கொடுத்தார். முதல் 9-இன் வால் மெலிந்து வளைகிறது. இரண்டாவது 9-இன் வால் தடித்து, உள்பக்கமாகச் சுருண்டு நிற்கிறது. அதன் இடப்பக்கத்தில் மட்டும் வெள்ளி சுரண்டித் தேய்த்த மாதிரி வெளுத்திருந்தது. அது 8. கீழ் வளையத்தின் ஒரு பக்கத்தைச் சீவி 9 ஆக்கியிருக்கிறார்கள். 1938 ரூபாய் என்பதால்தான் எடை சரி, ஓசை சரி, வெள்ளி சரி, எல்லாம் சரி!

"ஐயா, அந்த செட்டாவது?" என்று கேட்டேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: செட்டில் இருக்கும் 10 ரூபாய் நாணயம் 15 கிராம், 80 சதவீத வெள்ளி, அதில் குறை இல்லை. ஆனால் ப்ரூஃப் இல்லை. ப்ரூஃப் நாணயம் மெருகேற்றிய அச்சில் அடித்தது, கண்ணாடி மாதிரி இருக்கும். இது புழங்கிய நாணயத்தைப் பாலிஷ் போட்டுப் புதுப் பெட்டியில் அடுக்கியது. லென்ஸில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். பாலிஷ் போட்டதால் சாதாரண நாணயமாக இருந்த மதிப்பும் போய்விட்டது.

வெளியே வந்து உடனே போன் செய்தேன். "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார் சார்." அண்ணே போய் சார் வந்துவிட்டது. அரை மணி கழித்து, "மதிப்பீடுங்கறது எங்க கருத்து மட்டும்தான் சார், உத்தரவாதம் இல்ல." சான்றிதழ் எதற்கு என்றேன். "அது உறைக்குத்தான் சார்." பிறகு வேறொருவர் பேசி, நாங்கள் அனுப்பியது இது இல்லை, நீங்கள் மாற்றியிருக்கலாம் என்றார். சீல் உடையவே இல்லை என்று படம் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். 46,500 ரூபாய்! இரண்டு வருடம் சேர்த்த பணம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. எடை சரியாக இருந்தால் போதும் என்று நம்பாதீர்கள், வருடத்தின் கடைசி எண்ணை லென்ஸில் பாருங்கள். விற்பவரே கொடுக்கும் சான்றிதழ் சான்றிதழே இல்லை. உறையைப் பிரிக்கக் கூடாது என்றால் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் பழைய நாணயத்தைத் துலக்காதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள், அது மோசடி என்று வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன். வீடியோ காலைப் பதிவு செய்யாமல் விட்டேன், நீங்கள் பதிவு செய்து வையுங்கள். இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய உறையில் 1939 வாங்கியவர்கள் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அந்த இரண்டு ஒன்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.