கை நின்றது, அவசரம் நிற்கவில்லை

ஒன்றரை வருஷம் கழித்து மூன்று வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். பாதி நாட்கள் அப்பாவோடு ஆஸ்பத்திரியிலேயே போயின. தூரத்தில் இருந்துகொண்டு பெற்றோரின் வைத்தியத்தை வாட்ஸ்அப்பில் நடத்துகிற என் போன்றவர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. எட்டு மாதம் முன்பு நடுக்கத்தை அடக்க டிபிஎஸ், அதாவது மூளைக்குள் மின்தூண்டல் தரும் கருவி, வைத்தார்கள். மூளைக்குள் இரு பக்கமும் மெல்லிய கம்பி, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரி. வீடியோ காலில் தண்ணீர் டம்ளரை அசையாமல் பிடித்துக் காட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

போய்ச் சேர்ந்த மறுநாள் வாசல் பெல் அடித்தது. சத்தம் ஓய்வதற்குள் அப்பா எழுந்துவிட்டார். கால் இன்னும் ஊன்றவில்லை, உடம்பு மட்டும் முன்னால் போய்விட்டது. மேசை விளிம்பு கைக்கு எட்டியதால் விழவில்லை. அம்மா அலுத்துக்கொண்டார். "தினமும் இதே கூத்துதான். கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடறார். ஃபோன்ல யாரு என்ன கேட்டாலும் சரிங்கறார். பத்து தடவை யோசிக்கிற மனுஷன்டா." டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "என்னை யாரு கேட்டா?"

ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் புரோகிராமிங், அதாவது கருவியின் மின் அளவைச் சரிபார்த்து மாற்றுவது. நானும் உள்ளே போனேன். விரலைத் தட்டுங்கள், கையை மூடித் திறங்கள், இந்தக் கோடி வரை நடந்து வாருங்கள். டேப்லெட்டில் எண்களைப் பார்த்த டெக்னீஷியன், "நடுக்கம் சுத்தமா இல்ல சார்" என்று சந்தோஷப்பட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. அவசரத்தைப் பற்றி நான் ஆரம்பித்ததும், "வயசாகுதுல்ல" என்று பதில் வந்தது. வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் எட்டு மாதமாக அளந்ததெல்லாம் கையையும் காலையும்தான்.

அப்புறம் தெரிந்தவர் மூலம் இன்னொரு நியூராலஜிஸ்டைப் பிடித்தோம். அவர் முதலில் அம்மாவைப் பேசவிட்டார். பிறகு அப்பாவை, யோசனைத் திறனைச் சோதிக்கும் ஒரு நியூரோசைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம். இந்த முறை ஊரில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை அதுதான்.

'க'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார் அந்தப் பெண். "கா, கி எல்லாம் சேருமாம்மா?" என்று அப்பா கேட்டதும் சிரித்துக்கொண்டே சேரும் என்றார். ஏழு சொற்களோடு அப்பா நின்றுவிட்டார். அடுத்து வந்த அட்டையில் 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருந்தது. மையின் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும். "சிவப்பு... இல்ல, பச்சை." அடுத்ததிலும் அதே மாதிரி. விடை தெரியாமல் இல்லை. ஒரு நொடி பொறுத்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார். அந்த நொடிதான் அவரிடம் இல்லை.

பிறகு அந்த நியூராலஜிஸ்ட் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கம்பி உட்கார்ந்திருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் ஒரு பருப்பளவுதான். அதற்குள் மேல்பக்கம் அசைவுக்கு, மற்ற பகுதிகள் சிந்தனைக்கும் உணர்ச்சிக்கும். மூளையின் முன்பகுதியிலிருந்து அங்கே நேராக ஒரு பாதை ஓடுகிறது. இரண்டு வழிகளில் எது என்று குழம்பும்போது 'பொறு' என்று தடை போடுவது அந்தப் பாதை வழியாகத்தான். நொடிக்கு 130 தடவை பாயும் மின்துடிப்பு நடுக்கத்தை அடக்கும்போது பக்கத்திலேயே இருக்கும் இந்தத் தடையிலும் கைவைத்துவிடலாம். 2007இல் சயன்ஸ் இதழில் மூளை ஆய்வாளர் மைக்கேல் ஃபிராங்க் குழு இதை வெளியிட்டது. முடிவெடுக்கக் கடினமான இடத்தில் மற்றவர்கள் தயங்குகிறார்கள், தூண்டல் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிகளோ அங்கேதான் வேகமெடுக்கிறார்கள். டோபமைன் மாத்திரை செய்கிற கோளாறு வேறு, அதில் தவறு செய்து பட்ட பிறகு பாடம் படிக்கிற திறன் குறைகிறது. அவசரப் புத்தியைத் தூண்டுவதில் பேர்போன டோபமைன் அகோனிஸ்ட் (மூளையில் டோபமைன் போலவே வேலை செய்யும்) மாத்திரைகளை ஆபரேஷனோடு நிறுத்திவிட்டதால், அப்பா விஷயத்தில் சந்தேகம் கம்பி மேல்தான் விழுந்தது.

சொற்கள் குறைந்தது பற்றியும் கேட்டேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிந்தனைத் திறனில் அதிகமாகக் காணப்படும் மாற்றமே அதுதானாம். கம்பி போன தடமும் ஒரு காரணமாக இருக்கலாம், செட்டிங்கை மாற்றினால் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். பூசி மெழுகாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நொடிக்கு நான்கு துடிப்பு மாதிரி மெதுவான தூண்டல் யோசனைக்கு உதவுகிறதா என்று ஆய்வுகள் நடக்கின்றன, ஆனால் அது இன்னும் நோயாளியின் ரிமோட்டுக்கு வரவில்லை என்றும் சொன்னார்.

கம்பி நுனியில் நான்கு முனைகள் உண்டு. மின்சாரம் கீழ்முனையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு முனை மேலே ஏற்றி, அளவையும் கொஞ்சம் குறைத்தார். அங்கேயே ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார். அதற்குள் அப்பாவின் வலது கட்டைவிரல் லேசாக ஆட ஆரம்பித்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வந்துடுச்சேடா" என்றார். அந்த நடுக்கத்துக்காகத்தானே மண்டையில் துளை போட்டுக்கொண்டார். பழைய செட்டிங்கையும் ரிமோட்டில் வைத்துத் தருகிறேன், பிடிக்காவிட்டால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் ஐயா என்றார் டாக்டர். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விரல் ஆடட்டும், விழாம இருந்தா சரி" என்றார்.

கிளம்பும் முன் மறுபடி அந்த அட்டையைக் கொடுத்தார்கள். தவறுகள் குறைந்தன, ஆனால் 'க' சொற்கள் எட்டைத் தாண்டவில்லை. வீட்டில் பெல் அடித்தால் சில தடவை நாற்காலிக் கையைப் பிடித்துக் காலைச் சரிசெய்துகொண்டு எழுகிறார், சில தடவை பழையபடி பாய்கிறார்.

வழியனுப்ப விமான நிலையம் வந்தபோது டிபிஎஸ் கார்டை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். கேட்டில் அதைக் காட்டியதும், மெட்டல் டிடெக்டர் வளைவுக்குள் விடாமல் கையால் சோதித்து அனுப்பினார்கள். அந்தக் கார்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் பார்ப்பதைத் தேதி போட்டு எழுத வேண்டும், அடுத்த புரோகிராமிங்கில் நோட்டைத்தான் முதலில் காட்ட வேண்டும். நேற்று முதல் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்: "செவ்வாய். ஃபோன் வந்தது. யார் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். சாயங்காலம் சட்டை பட்டன் போட முடியாமல் என்மேல் கோபித்துக்கொண்டார்."