முன் டிஃபரன்ஷியல் வேலைக்குப் பணம் கொடுத்து ஏமாந்த கதை: ஆல் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். முன் டிஃபரன்ஷியலுக்கு (முன் சக்கரம் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பு, சுருக்கமாக டிஃப்) புது கிரவுன் பினியன் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமும்), ஹெலிக்கல் வகை லிமிட்டெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் டிஃப், சாய்ந்த பல் வைத்த வகை), எல்லாப் பேரிங்கும் புதிது, இரண்டு பக்கமும் 4340 குரோமோலி (உறுதியான கலப்பு எஃகு) ஆக்சில் ஷாஃப்ட், இத்தனைக்கும் முழுப் பணம் கொடுத்தேன். வண்டி திரும்பி வந்தபோது உள்ளே இருந்தது என் பழைய கிரவுன், என் பழைய பினியன், கம்பெனியில் இருந்து வந்த அதே ஓப்பன் டிஃப், அதாவது அந்தக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண வகை. ஹவுசிங்குக்கு மேலே கருப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். செய்த வேலை அவ்வளவுதான். பணம் போனதோடு முடிந்திருந்தால் எப்படியோ மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன், ஆனால் அவர்கள் சொன்னதை நம்பி ஓட்டியதில் நல்ல நிலையில் இருந்த டிரான்ஸ்ஃபர் கேஸும் (சக்தியை முன்பக்கம், பின்பக்கம் என்று பிரிக்கும் பெட்டி) வெந்து போய்விட்டது.

பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். எப்படி ஏமாற்றினார்கள், எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் முழுசாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை.

என்னுடையது டர்போ போட்ட பிக்கப். எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற வகை, நடுவில் முன்னையும் பின்னையும் திரவத்தால் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ். 1991-ல் வந்த ஜிஎம்சி சைக்ளோன் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புரியும், அதில் முன்பக்கம் 35 சதவீதம், பின்பக்கம் 65 சதவீதம் என்று விசை பிரியும். இந்த மாதிரி வண்டியில் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஏற்றி நின்ற இடத்தில் இருந்து கிளப்பினால் முதலில் திணறுவது முன் டிஃப்தான். பின்பக்கத்தைவிடச் சின்ன கிரவுன், அலுமினிய ஹவுசிங், அழுத்தம் வரும்போது ஹவுசிங்கே லேசாக விரிந்துகொடுக்கும், பல்லும் பல்லும் சேரும் இடம் விலகும், அப்புறம் பல் உடையும். அதோடு பெரிய டயர் வேறு போட்டிருந்தேன், அதனால் 3.42 ரேஷியோவை 3.73 ஆக்குவது என்று முடிவு செய்தேன்.

பின்பக்கத்தை நானும் தம்பியும் வீட்டிலேயே முடித்துவிட்டோம். அதில் பின்னால் ஒரு மூடி இருக்கிறது, கழற்றினால் கிரவுன் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். முன்பக்கம் அப்படி இல்லை. என் வண்டியில் ஹவுசிங் இரண்டு பாதியாகச் சேர்ந்தது, மூடி என்று எதுவும் கிடையாது, உள்ளே பார்க்க வேண்டுமானால் முழு டிஃபையும் கீழே இறக்கிப் பிளக்க வேண்டும். பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி) வைப்பதற்கும் ஷிம் இல்லை, இரண்டு பக்கமும் மரை போட்ட அட்ஜஸ்டர், அதைத் திருப்ப தனி ஸ்பானர் வேண்டும். அந்தக் கருவி என்னிடம் இல்லாததால்தான் வெளியே கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது, எனக்குப் பார்க்க முடியாத இடம் என்றால் அவர்களுக்குப் பொய் சொல்ல வசதியான இடம்.

முன்னும் பின்னும் ரேஷியோ ஒன்றாக இருப்பது இந்த வண்டிகளில் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. 41-ஐ 12-ஆல் வகுத்தால் 3.42, அதே 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. பினியனில் ஒரே ஒரு பல்தான் வித்தியாசம், ஆனால் முன்னால் 3.42, பின்னால் 3.73 என்று இருந்தால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிரான்ஸ்ஃபர் கேஸில் இருந்து டிஃபுக்குப் போகும் தண்டு) 100 சுற்று சுற்றும் நேரத்தில் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 109 சுற்று சுற்ற வேண்டும். தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுகிற வண்டியில் டூ வீலில் ஓடும்வரை இது தெரியவே தெரியாது. ஆல் வீல் டிரைவில் அந்த ஒன்பது சதவீத இழுபறி ஒரு நொடிகூட நிற்காது. விஸ்கஸ் கப்ளிங்குக்குள் தகடுகளுக்கு நடுவே சிலிக்கோன் திரவம் இருக்கிறது, இரண்டு பக்க வேகமும் விலக விலக அது சூடாகும், விரியும், ஒரு கட்டத்தில் தகடுகளைப் பிடித்துப் பூட்டிவிடும். எப்போதாவது சக்கரம் வழுக்கும்போது சில நொடி வேலை செய்வதற்காக வைத்த பொருள் அது, மணிக்கணக்கில் அரைப்பதற்கு இல்லை.

அதனால்தான் பின்பக்கம் முடிந்ததும் வண்டியை ஓட்டாமல் வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பினேன். "பின்னால் 3.73 போட்டாச்சு அண்ணே, முன்னாலும் அதே வந்தால்தான் வண்டி தரையில் ஓடணும்" என்று பட்டறைக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். "தம்பி, இது எங்களுக்குத் தெரியாதா, பாகமெல்லாம் நாங்களே வாங்கிக்கறோம், எங்களுக்கு மொத்த விலைக்குக் கிடைக்கும்" என்றார். நான் சரி என்றேன். பாகம் வந்ததும் படம் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும், பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து பில் வந்தது, அதில் "முன் டிஃப் முழு வேலை" என்று ஒரே வரி. பாக எண் இல்லை, பல் எண்ணிக்கை இல்லை, ஒன்றும் இல்லை.

வண்டியை எடுத்த அன்றே எங்கோ இடித்தது. குறுகலான வளைவில் திருப்பும்போது டயர் தரையை உரசி உரசிக் குதித்தது. போன் செய்தேன். "புது லிமிட்டெட் ஸ்லிப் இறுக்கமாத்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றார். ஜாக்கி போட்டுத் தூக்கி ஒரு முன் சக்கரத்தைச் சுற்றினேன், மறு சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது, ஓப்பன் டிஃப் போலவே. அதைக் கேட்டதற்கு "ஹெலிக்கல் வகை காற்றில் அப்படித்தான் சுற்றும்" என்று பதில். இது உண்மைதான். கிளட்ச் தகடு வைத்த வகை என்றால் தூக்கிச் சுற்றும்போதே முரண்டு பிடிக்கும், ஹெலிக்கல் வகை பாரம் ஏறினால்தான் தன் வேலையைக் காட்டும், அதனால் அந்தச் சோதனையில் எதுவும் தெரியாது. அடுத்ததாகச் சூடு. முப்பது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் கீழே இருந்து கருகல் வாசனை. "புது கியர் செட் ஆகும்வரை சூடாகும்." இதுவும் உண்மைதான், புது கிரவுன் பினியன் போட்டால் முதல் ஓட்டத்தில் மெதுவாக ஓட்டி முழுவதும் ஆற விட வேண்டும் என்று எல்லாருமே சொல்வார்கள். ஆனால் சூடு வந்தது டிஃபில் இருந்து இல்லை. டிஃப் ஹவுசிங்கில் உள்ளங்கையை வைத்துப் பிடிக்க முடிந்தது, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்தில் விரலைக்கூடக் கொண்டுபோக முடியவில்லை. அந்த வித்தியாசத்தை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலிலும் பாதி உண்மை கலந்திருந்ததால் நான் நம்பிக்கொண்டே இருந்தேன்.

மொத்தம் 150 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரீதர் (உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் துளை) வழியாக எண்ணெய் கக்க ஆரம்பித்தது. அன்றைக்கு ராத்திரியே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன்.

முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, பினியன் ஃபிளேஞ்சில் (அந்த ஷாஃப்ட் வந்து பொருந்தும் வட்டத் தட்டில்) சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன், அதற்கு நேராக ஹவுசிங்கில் ஒரு கோடு. தம்பி ஒரு சக்கரத்தில், அவன் நண்பன் மறு சக்கரத்தில், இருவரும் ஒரே வேகத்தில் சரியாகப் பத்து சுற்று சுற்ற வேண்டும். நான் கீழே படுத்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்து ஃபிளேஞ்சின் சுற்றை எண்ணினேன். 3.73 என்றால் 37 சுற்று முடிந்து கால் சுற்றுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். 34-ல் நின்றது, மேலே கால் சுற்றுகூட இல்லை. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி. மறுபடியும் 34. மூன்றாவது முறை தம்பி கீழே படுத்து எண்ணினான், நான் சக்கரத்தைப் பிடித்தேன். அவனும் "முப்பத்து நாலுண்ணா" என்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் ஆக்சில் ஷாஃப்ட். சில வருடம் முன்பு பூட் (ஷாஃப்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை) மாற்றும்போது எது இடது எது வலது என்று தெரிய இடது ஷாஃப்டில் மஞ்சள் பெயிண்ட் கோடு ஒன்று போட்டிருந்தேன். துணியைப் பெட்ரோலில் நனைத்து அந்த இடத்தில் தேய்த்தேன். கருப்பு பெயிண்ட் துணியோடு வந்தது, அதற்கு அடியில் என் மஞ்சள் கோடு. பக்கத்தில் இருந்த ரப்பர் புஷ்ஷில் எல்லாம் கருப்புத் துளிகள் தெறித்திருந்தன. டிஃபைக் கீழே இறக்காமல், வண்டியில் இருந்தபடியே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள்.

மறுநாள் டிஃபை இறக்கினோம். பினியன் நட்டின் மரையில் பெயிண்டுக்கு அடியில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஹவுசிங்கின் இரண்டு பாதி சேரும் இடத்தில் கம்பெனி சீலன்ட் கோடு அறுபடவில்லை. எண்ணெயைக்கூட மாற்றவில்லை, வடித்தபோது தார் போலக் கருப்பாக வந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னியது. மூன்று வாரம் வண்டி அங்கே சும்மா நின்றிருக்கிறது. சுற்றை எண்ணியது முதல் பிளந்து பார்த்தது வரை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்தேன், நீங்களும் சந்தேகம் வந்தால் நட்டில் கை வைக்கும் முன்பே கேமராவை ஓட விடுங்கள்.

வீடியோவோடு போனபோது முதலில் "நீங்களே கழற்றி மாத்தியிருப்பீங்க" என்றார்கள். சீலன்ட் கோட்டைக் காட்டினேன். அப்புறம் கியர் கிடைக்கவில்லை, அதனால் தற்காலிகமாக அனுப்பினோம் என்றார்கள். ஷாஃப்ட் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றிக் கேட்டால் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்கிறார்கள். எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை, இரண்டு ரேஷியோவோடு ஓடினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

வெளியே கொடுக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இது. பாகங்களை நீங்களே வாங்கிக் கொடுங்கள், கிரவுனிலும் பினியனிலும் பொறித்திருக்கும் எண்களைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வரும், எண் பொருந்த வேண்டும். வாங்கும்போது உங்கள் ஹவுசிங்குக்கு ஸ்டாண்டர்ட் கட்டா ரிவர்ஸ் கட்டா (பல்லின் வளைவு எந்தப் பக்கம் என்பது) என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. மூடுவதற்கு முன்னால் பேட்டர்ன் படம் கேளுங்கள், அதாவது பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்தால் விழும் அச்சு. அச்சு பல்லின் அடிப்பக்கம் ஒதுங்கியிருந்தால் பினியன் கிரவுனுக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது, நுனிப்பக்கம் ஒதுங்கியிருந்தால் தள்ளி இருக்கிறது. டயல் கேஜில் பேக்லாஷ் எவ்வளவு என்று கேளுங்கள், பெரும்பாலான செட்டுகளுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் வரும், உங்கள் செட்டோடு வரும் தாளில் சரியான அளவு இருக்கும். கிரஷ் ஸ்லீவ் (பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தை வைக்கும் குழாய்) புதிதா என்று கேளுங்கள், ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போடக் கூடாது. உண்மையில் வேலை செய்தவரிடம் இதெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கும், கேட்டால் கோபப்பட மாட்டார். வண்டி கைக்கு வந்ததும், தரையில் ஓட்டும் முன் அந்தப் பத்து சுற்றை எண்ணிவிடுங்கள், அரை மணி நேர வேலைதான்.

நான் கடைசியில் அந்த அட்ஜஸ்டர் ஸ்பானரை வாங்கிவிட்டேன். புது கியர் செட், ஹெலிக்கல் டிஃப், ஷாஃப்ட் எல்லாம் தனித்தனியாக வாங்கி, நானும் தம்பியும் இரண்டு வார இறுதியில் போட்டோம். பினியன் பிரீலோட் (பினியன் பேரிங்கில் முன்கூட்டியே வைக்கும் இறுக்கம்) வைக்க மட்டும் ஒரு முழு மாலை போனது, நட்டை இம்மி இம்மியாக இறுக்கி ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்க்க வேண்டும், ஒரு இழுப்பு அதிகமானால் ஸ்லீவ் போச்சு. எங்களுக்கு ஒரு ஸ்லீவ் போனது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வேறு விஸ்கஸ் கப்ளிங் போட வேண்டியிருந்தது.

முதல் 800 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி முடித்து, நேற்று முன் டிஃப் எண்ணெயை மாற்றினேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை, விரலுக்கு நடுவில் தேய்த்தால் மாவு போல இருந்தது, துண்டு துணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸில் கையை வைத்துப் பார்த்தேன், பிடித்துக்கொண்டே இருக்க முடிந்தது.